நூற்றுப்பத்தா... பத்தா?

உங்கள் பைக் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகும்?

எந்த ஆபீஸ் கான்டீனில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் டீ ஆறிப்போகும். “நூத்திப்பத்து சார்! போன மாசம் ஈ.சி.ஆர்.லே பார்த்துட்டேன்” என்பார் ஒருவர். “என்னோடது நூத்தி இருபது. ஹேண்டில்பார் ஒரு துளி ஆடலே” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் புன்னகை செய்வார். அவர் வண்டிக்கு இன்னும் டியூ முடியவில்லை. டியூ கட்டுவது மாமனார்!

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்ன அபிப்பிராய பேதம். உங்கள் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது.

கோபப்படாதீர்கள். உங்கள் வண்டியின் இன்ஜினைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் போக வேண்டாம். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வாருங்கள், போதும்.

ஐவன் இலிச் என்று ஒரு சிந்தனையாளர். வியன்னாவில் பிறந்து, பாதிரியாராக இருந்து, பிறகு மெக்ஸிகோவில் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நாம் கும்பிடுகிற சமாசாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டவர். 1970-களில் காரைப் பிடித்துக்கொண்டார். ஓர் அமெரிக்கர் ஒரு வருஷத்தில் தன் காருக்காக எத்தனை மணி நேரம் செலவழிக்கிறார் என்று கணக்குப் போட்டார். ஓட்டுகிற நேரம் மட்டுமில்லை. நிறுத்த இடம் தேடுகிற நேரம், காருக்கு டியூ, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வரி, அபராதம் இத்தனையும் கட்டுவதற்காக வேலை செய்து சம்பாதிக்கிற நேரம், எல்லாவற்றையும் கூட்டினார். 1,600 மணி நேரம் வந்தது. அதில் அவர் போகிற தூரம் 7,500 மைல். வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை! நம் கிலோமீட்டரில் சொன்னால் ஏழரை. (நம் ஊரில் ஏழரை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

அமெரிக்காக்காரர் கணக்கு நமக்கு எதற்கு? நம் ஊர்க் கணக்கையே போடுவோம்.

ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தால் உங்களுக்கு அல்ஜீப்ரா ஞாபகம் வந்து பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் ‘தம்பி’ என்றே வைத்துக்கொள்வோம். தம்பிக்கு வீடு குரோம்பேட்டை. ஆபீஸ் நுங்கம்பாக்கம். போக ஏறக்குறைய 18 கிலோமீட்டர், வர 18. கையில் வாங்குகிற சம்பளம் 30,000. மாசம் 25 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆக 200 மணி நேர உழைப்பு. தம்பியின் ஒரு மணி நேரத்தின் விலை 150 ரூபாய்.

தம்பி ஒரு பைக் வாங்குகிறார். ஆன்-ரோடு 1,20,000. இருபதாயிரம் முன்பணம், மீதி ஒரு லட்சம் 36 மாத டியூ. இப்போது மாதப் பற்று:

டியூ - 3,600
பெட்ரோல் (ஆயிரம் கிலோமீட்டர், 20 லிட்டர், லிட்டர் சுமார் நூறு) - 2,000
சர்வீஸ், ஆயில், டயர், பிரேக் ஷூ (வருஷச் செலவை மாசத்துக்குப் பிரித்தது) - 500
இன்ஷூரன்ஸ் (அதேபோல்) - 250
பார்க்கிங் - 250
பஞ்சர், மழைக்கோட்டு, இத்யாதி - 150
மொத்தம் - 6,750

முன்பணத்தை நான் சேர்க்கவில்லை. வண்டியை விற்கும்போது வருகிற பணத்தோடு அதை நேர் செய்துகொள்வோம். டிராஃபிக் போலீஸாரோடு நடக்கிற கொடுக்கல் வாங்கலையும் சேர்க்கவில்லை. அது அவரவர் ஜாதகம்.

6,750-ஐ 150-ஆல் வகுத்தால் 45. அதாவது மாசத்தில் 45 மணி நேரம் தம்பி வேலை பார்ப்பது பைக்குக்காக. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஐந்தரை நாளுக்கு மேல் அவருக்கு முதலாளி அந்த பைக்தான்! அடுத்து, ஓட்டுகிற நேரம். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி, 25 நாளைக்கு 50 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை சினிமா, கோயில், சும்மா ஒரு ரவுண்டு என்று ஐந்து மணி நேரம். ஆக 55. இரண்டையும் கூட்டுங்கள். 45-ம் 55-ம் நூறு.

ஆயிரம் கிலோமீட்டர், நூறு மணி நேரம். மணிக்குப் பத்து.

கான்டீனில் நூத்திப்பத்து என்று சொன்னவர், அந்த முதல் நூறை எங்கே விட்டார் என்று இப்போது தெரிகிறதா? பாதி சிக்னலில், பாதி வட்டியில்.

*

“சரி சார், வண்டி வேண்டாம்னா பறந்து போகச் சொல்றீங்களா?” என்று கேட்கலாம்.

பறக்க வேண்டாம். குரோம்பேட்டையில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்கலாம். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். நம் தாத்தாக்கள் அதில் தொங்கிக்கொண்டு போய்த்தான் குமாஸ்தா உத்தியோகம் பார்த்து நம் அப்பாக்களைப் படிக்கவைத்தார்கள். அதே தடம், அதே ரயில், அதே நுங்கம்பாக்கம்.

தம்பியை ரயிலில் ஏற்றிப் பார்ப்போம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, ரயிலுக்குக் காத்திருப்பது, ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல், இறங்கி ஆபீஸுக்கு நடை. ஒரு மணி ஐந்து நிமிஷம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு அலைச்சலையும் சேர்த்தால் மாசத்துக்கு 60 மணி நேரம். செலவு? சீஸன் டிக்கெட், எப்போதாவது ஷேர் ஆட்டோ, மழை நாளில் ஓர் ஆட்டோ, எல்லாம் சேர்த்து 900 ரூபாய் என்று கையை வீசியே போடுகிறேன். அது ஆறு மணி நேர உழைப்பு. ஆக 66 மணி நேரத்தில் ஆயிரம் கிலோமீட்டர். மணிக்குப் பதினைந்து!

நூற்றுப்பத்து போகிற பைக்கை, தண்டவாளத்தில் ஆடி ஆடி வருகிற மின்சார ரயில் ஒன்றரை மடங்கு வேகத்தில் முந்துகிறது. போதாக்குறைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இந்தப் பத்திரிகையைப் படிக்கலாம். நிற்க இடம் கிடைத்தால் பக்கத்து ஆள் பத்திரிகையைப் படிக்கலாம். ஹெல்மெட்டுக்குள் எதைப் படிப்பீர்கள்?

இன்னொரு வகுத்தல் பாக்கி இருக்கிறது. பைக்குக்கு 6,750. ரயிலுக்கு 900. மாசம் 5,850 மிச்சம். 36 மாசத்துக்கு 2,10,600 ரூபாய், வட்டி தனி. தங்கையின் காலேஜ் ஃபீஸ், அப்பாவின் கண் ஆபரேஷன், கல்யாணத்துக்கு ஹால் அட்வான்ஸ் என்று இதற்குப் பல பெயர்கள் உண்டு. எந்தக் குடும்பத்துக்கும் இது சின்னத் தொகை இல்லை.

“டியூ முடிஞ்சப்புறம் செலவு குறைஞ்சிடுமே?” என்று ஓர் ஆடிட்டர் மூளை கேட்கும். நியாயமான கேள்வி. டியூ போய்விட்டால் செலவு 3,150-தான். அப்போதும் உங்கள் வேகம் மணிக்குப் பதின்மூன்றுதான், ரயில் முந்திக்கொண்டுதான் இருக்கும். தவிர, 36-வது டியூ கட்டுகிற அன்றைக்குத்தான் புது மாடல் வெளிவரும். இது பொருளாதாரத்தில் இல்லாத, ஆனால் யாராலும் மீற முடியாத விதி.

*

வீட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். தம்பியின் அக்கா. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அக்காவும் வேலைக்குப் போகிறார், தம்பியும் போகிறார். அக்காவின் பயணச் செலவு பூஜ்யம், தம்பியின் செலவு 6,750. இருபத்தைந்தாம் தேதி ராத்திரி யார் யாரிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா... ஒரு ஆயிரம் இருக்குமா? ஒண்ணாந்தேதி தந்துடறேன்” என்று கேட்கிறார் என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன்.

ஆண்களுக்கு டிக்கெட் உண்டு. ஆனால் மாநகர பஸ்ஸில் ஆயிரம் ரூபாய் மாத பாஸ் எடுத்தால் ஏ.சி. பஸ் தவிர எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். பெட்ரோல் பங்க்கில் ஆயிரம் ரூபாய்க்கு இப்படி ஒரு பாஸ் தருவார்களா, கேட்டுப் பாருங்கள்!

எல்லோருக்கும் இது ஒத்துவராது என்பது எனக்கும் தெரியும். மெடிக்கல் ரெப், சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற பையன், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வருகிறவர், பஸ்ஸே வராத புறநகரில் மனை வாங்கி வீடு கட்டியவர், இவர்களுக்கெல்லாம் வண்டி ஆடம்பரம் இல்லை, பிழைப்பு. அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் பஸ் நிறுத்தம், ஆபீஸ் வாசலில் மெட்ரோ ஸ்டேஷன், நடுவில் பைக் என்று இருக்கிற புண்ணியவான்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

*

ஆனாலும் கணக்கு மட்டுமே வாழ்க்கை இல்லை. பைக் என்பது வாகனமா? அது ஓர் அந்தஸ்து. பெண் பார்க்கப் போகிற இடத்தில் காபி வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும்.

“மாப்பிள்ளை என்ன வண்டி வெச்சிருக்கார்?”

பெரம்பூர் பையன் ஒருவர் இதற்குச் சொன்ன பதிலைக் கேட்டேன். “29சி வெச்சிருக்கேன் மாமா. டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேரும் உண்டு. வாசல்லேயே நிறுத்துவாங்க.”

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லையாம். உள்ளேயிருந்து பெண் சிரித்தாளாம். சம்பந்தம் முடிந்துவிட்டது.

எல்லோருக்கும் இப்படி அமையாது. அதனால்தான் இருபத்திரண்டு வயசில் முதல் சம்பளம் வந்ததும் முதலில் ஷோரூமுக்குப் போகிறோம். அதில் தப்பில்லை. அம்மா திருஷ்டி கழிக்க, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி தெருவுக்கு வருகிற சந்தோஷத்தை எந்தக் கணக்குப் பிள்ளையும் பேரேட்டில் எழுத முடியாது.

ஆனால் அந்த அம்மா எலுமிச்சம்பழம் வைப்பது எதற்காக என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் நான் வேண்டுமென்றே சேர்க்காத ஒரு வரி உண்டு. அதற்கு ரூபாயில் மதிப்புப் போட முடியாது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. ஒரு நாளைக்கு 460 பேருக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் டூ-வீலரில் போனவர்கள். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18-லிருந்து 45 வயசுக்குள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் எல்லா மாநிலங்களையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு.

18-லிருந்து 45. டூ-வீலர். தமிழ்நாடு. இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேரின் விலாசம் இதுதான்.

ராத்திரி ஒன்பதரைக்கு வரவேண்டிய பிள்ளை பத்தேகாலாகியும் வரவில்லை என்றால், அந்த முக்கால் மணி நேரம் அம்மா வாசலுக்கும் கூடத்துக்கும் எத்தனை தடவை நடக்கிறாள் என்று எந்த மீட்டரும் காட்டாது. ரயிலில் வருகிற பிள்ளைக்கு அவள் இவ்வளவு நடப்பதில்லை. “ரயில் லேட்டாயிருக்கும்” என்று குழம்பைச் சூடு பண்ணப் போய்விடுவாள்.

*

“நடந்து போகச் சொல்றீங்களே, எங்கே சார் நடக்கிறது?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியில் சேர்ந்துகொள்ளத்தான் முடியும். நம் நடைபாதையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். பிறகு இளநீர்க் கடை, அயர்ன் வண்டி, கேபிள் சுருள், ஒரு குட்டிப் பிள்ளையார், அவருக்கு ஓர் உண்டியல். மீதி இருக்கிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு பைக்குகள். நடக்கிறவர் கீழே இறங்கி நடுரோட்டில் நடக்கிறார். அப்போது பின்னால் வந்து ஹார்ன் அடித்து, “ஓரமா போய்யா!” என்கிறவர் யார் என்றால், நடைபாதையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன அதே ஆசாமியின் அண்ணன்.

2022-ல் இறந்த அந்த 1,68,491 பேரில் 32,000-க்கும் மேற்பட்டவர்கள் நடந்து போனவர்கள். வண்டியே இல்லாதவர்கள், வண்டிகளால் இறந்தவர்கள். எனவே ‘நடங்கள்’ என்று நமக்குச் சொல்கிற அதே மூச்சில், ‘நடக்க இடம் கொடுங்கள்’ என்று சர்க்காருக்கும் சொல்லியாக வேண்டும்.

சர்க்காருக்குத் தெரியாமல் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை ஏற்றுக்கொண்டது. அதன்படி பல சாலைகளில் நடைபாதைகள் அகலமாயின. 2019-ல் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென்று அகலமான நடைபாதை வளாகம் வந்தது. கார் நிறுத்த இடமில்லாமல் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. இன்றைக்குத் தீபாவளி சமயத்தில் அங்கே போய்ப் பாருங்கள். கார் எதுவும் புடவை வாங்குவதில்லை, நடக்கிற மனுஷர்கள்தான் வாங்குகிறார்கள்! 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பிதுங்காமல் ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போய்விடலாம்.

ஆனால் ஒரு தெருவில் முடிந்தது ஏன் மற்றத் தெருக்களில் முடியவில்லை? காரணம் சிம்பிள். ஜாம் என்றால் நமக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், மேம்பாலம். சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலம் 1973-ல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து அரை நூற்றாண்டாகப் பாலம் கட்டுகிறோம். பாலத்தின் வேலை, இந்தச் சிக்னலில் இருக்கிற ஜாமைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த சிக்னலில் இறக்கிவைப்பது. பெல்ட்டைத் தளர்த்தினால் தொப்பை குறையுமா? ரோடு அகலமானால், ‘அட, ஃப்ரீயா இருக்கே’ என்று நேற்றுவரை பஸ்ஸில் போனவரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். பெல்ட்டில் இன்னொரு ஓட்டை!

ஜெர்மனியில் மூன்ஸ்டர் என்ற ஊரில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு போட்டோ எடுத்தார்கள். ஒரே தெரு, 72 பேர். முதல் படத்தில் அவர்கள் கார்களோடு நிற்கிறார்கள், தெரு அடைத்துக்கொண்டது. இரண்டாவதில் சைக்கிள்களோடு, தெருவில் கொஞ்ச இடமே போதுமாயிருந்தது. மூன்றாவதில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பஸ். நிபுணர் குழு போட்டு நானூறு பக்கத்தில் அறிக்கை எழுத வேண்டிய விஷயத்தை மூன்று படத்தில் முடித்துவிட்டார்கள்.

“வெள்ளைக்காரன் ஊர் வேற சார். ஹாலந்துல எல்லாம் பொறக்கும்போதே சைக்கிள்ல பொறப்பான்” என்பார்கள். இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஹாலந்திலும் கார் பெருகிச் சைக்கிளை ஓரம் கட்டியது. 1971-ல் மட்டும் அந்தச் சின்ன தேசத்தின் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். ‘குழந்தைகளைக் கொல்லாதே’ என்பதுதான் கோஷம். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதைகளைப் பெரிய அளவில் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நாம் படம் பார்த்து ஏங்குகிற ஹாலந்து, அம்மாக்களும் அப்பாக்களும் சண்டை போட்டு வாங்கியது.

சிங்கப்பூரில் வேறு வைத்தியம். அங்கே 1990-லிருந்து கார் வாங்குவதற்கு முன்னால், கார் வாங்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023-ல் அந்தக் காகிதத்தின் விலை ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. காருக்கு விலை தனி! இப்படிக் கட்டுப்படுத்திவிட்டு, கூடவே மூலைமுடுக்கெல்லாம் ரயிலும் பஸ்ஸும் விட்டார்கள். அந்தப் பின்பாதி இல்லாமல் முன்பாதியை மட்டும் செய்தால் அதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை, வழிப்பறி.

நமக்கும் அந்நிய உதாரணம் மட்டும்தான் கதி என்றில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். வயல் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், நர்ஸுகள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில். கேலி பேசினவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் சைக்கிள் அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்த பெண்களுக்கு அந்த இரண்டு சக்கரம் என்ன கொடுத்தது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களிடம் யாரும் ‘என்ன வண்டி?’ என்று கேட்டு அந்தஸ்தை அளக்கவில்லை.

*

சரி, என்ன செய்யலாம்? வண்டியை நாளைக்கே விற்றுவிடுங்கள் என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. விற்றாலும் பாதி விலைக்குத்தான் போகும். சுலபமாகச் சில யோசனைகள்:

வாரத்துக்கு ஒரு நாள். புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டிக்கு வார விடுமுறை. ரயிலோ பஸ்ஸோ மெட்ரோவோ. 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே சின்னதாக ஆரம்பித்த மெட்ரோ, இன்றைக்கு விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை போகிறது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ என்று ஓர் ஆப் 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது. சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டுகிற அந்தப் பாரம்பரியக் கலை மட்டும் அழிந்துவிடும்.

இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். தெருமுனையில் கொத்துமல்லிக் கட்டு வாங்க 150 சி.சி. வேண்டாம். பத்து ரூபாய்க் கொத்துமல்லியை எட்டு ரூபாய் பெட்ரோலில் வைத்துச் சுற்றி எடுத்துவருகிறீர்கள்.

ப்ளஸ் ஒன்னில் உங்களில் பலருக்கு அரசாங்கம் ஒரு சைக்கிள் கொடுத்ததே, அது எங்கே? கொல்லைப்புறத்தில் சாய்ந்து கிடக்கிறதா? அதன் கூடையில் கோழி முட்டை இடுகிறதா? கோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள். இரண்டு டயர், இரண்டு ட்யூப், ஒரு செயின், கொஞ்சம் தேங்காயெண்ணெய். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷம். ஜிம்முக்கு மாசம் ஆயிரம் ரூபாய் கட்டி, அங்கேயும் போய் நகராத சைக்கிளைத்தானே மிதிக்கிறீர்கள்! அதுவும் பைக்கில் போய்!

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த தடவை ஏதாவது கேட்பதாக இருந்தால், பாலம் கேட்காதீர்கள். நடைபாதை கேளுங்கள். பஸ் நிறுத்தத்துக்கு நிழல் கேளுங்கள். பாலத்துக்கு ஆகிற செலவில் ஆயிரம் நிழல் கிடைக்கும், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கடைசியாக, வீட்டுப்பாடம். உங்கள் சம்பளத்தை வேலை செய்கிற மணி நேரத்தால் வகுங்கள். வண்டிக்கு ஆகிற மாதச் செலவை அந்தத் தொகையால் வகுங்கள். வருகிற விடையோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிற மணி நேரத்தைக் கூட்டுங்கள். மாசம் போகிற மொத்தக் கிலோமீட்டரை அதனால் வகுத்தால், உங்கள் வண்டியின் நிஜ வேகம்.

விடை பதினைந்துக்கு மேல் வந்தவர்கள் தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள், பாராட்டுகிறேன். பத்துக்குக் கீழே வந்தவர்கள் எழுத வேண்டாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரிலேயே வாருங்கள். பைக்கில் வருவதைவிடச் சீக்கிரம் வந்துவிடுவீர்கள்!